கத்தரிக்காய்ச் சத்தியம்

மச்சான்,

இன்று மத்தியானம் கதவைத் திறந்ததும் புளி விட்ட கத்தரிக்காய்க் குழம்பு வாசம். உன் அம்மா சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். ஐந்தாம் மாடியிலிருந்து எங்கள் மாடிக்கு அந்த வாசமும் அவரோடு லிப்டில் இறங்கி வந்திருந்தது. நீ இருந்திருந்தால் படியால் ஓடியிருப்பாய்.

உனக்கு அந்தக் குழம்பு துளியும் பிடிக்காது என்பது வெள்ளவத்தையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் இன்டர்வல் மணி அடித்தால் உன் குழம்புச் சோறு என்னிடம் வரும், என் மீன் அடைத்த பணிஸ் உன்னிடம் போகும். வீட்டில்தான் தப்ப வழியில்லை. அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார். நீ "நல்லாயிருக்கு அம்மா" என்று சொல்லி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுவாய்.

அப்படிப்பட்ட நீதான் எனக்குத் தர்மம் கதைத்தாய். மாடி முழுக்க வாசல்களில் கிடந்த செருப்புகளை நான் சோடி மாற்றி வைத்த அன்று, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடற்கரைக் கல்லில் குந்தியிருந்து சண்டை பிடித்தோம்.

"ஒருத்தரும் காணாட்டிலும் பிழை பிழைதான்டா. நாங்க பாக்காட்டிலும் கடல் அங்கதானே கிடக்கு."

"கடல்ல கால் வச்சா நனையும். உன்ர பிழையில கால் வச்சா என்ன நனையும்? அது மண்டைக்குள்ள இருக்கிற சாமான். மண்டை இல்லாட்டிப் பிழையும் இல்லை."

"உன்ர மண்டைக்குள்ள சாமான் இருக்கெண்டதே எனக்குப் புதுசு."

"சரி தர்மராசா, அப்ப அந்த 'நல்லாயிருக்கு அம்மா'?"

ஒரு கல்லை எடுத்துக் கடலில் எறிந்தாய். "அதுவும் பிழைதான். ஆனா அவவுக்குச் சொல்லிப்போடாத. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

பிறகு டெங்கு. ஒரு கிழமைக்குள் நீ இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று, போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற வழக்கப்படி, உன் படத்துக்கு முன்னால் கிண்ணம் நிறையக் கத்தரிக்காய்க் குழம்பு. உனக்குப் படையலிலும் விடுதலை இல்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஒரு பெட்டி எனக்கு வருகிறது.

இன்று பெட்டியைத் தந்துவிட்டு அவர் போகவில்லை.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லும். ஆஸ்பத்திரிக்கு அவனுக்கு விருப்பமெண்டு இந்தக் குழம்புதான் குழைச்சுக் கொண்டுபோனனான். ஒரு வாயும் எடுக்கேல்ல, முகத்தைத் திருப்பிப்போட்டான். என்னில ஏதும் கோவமோ?"

"காய்ச்சலுக்க ஆருக்கும் சாப்பாடு இறங்காது ஆன்ரி."

"இல்லைத் தம்பி. அது கோவத்தில திருப்பின மாதிரி."

இவ்வளவு நாளும் இதைத்தான் சுமந்திருக்கிறார். மற்றவர்களை ஏமாற்ற எனக்கு எப்போதும் ஒரு கதை கைவசம் இருக்கும். இன்று ஒன்றும் வரவில்லை.

"கோவமில்லை ஆன்ரி. அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. எப்பவுமே ஆகாது."

"ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுவானே?"

"நீங்க பக்கத்தில நிண்டு பாப்பீங்கள். அதால."

"கள்ளன்," என்றார். பிறகு என் கையிலிருந்த பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு லிப்டுக்குள் போனார். சிரித்தாரா அழுதாரா, தெரியவில்லை. அதற்குள் கதவு மூடிவிட்டது.

சத்தியம் போய்விட்டது, மச்சான். என் வாதப்படி இதில் ஒரு பிரச்சினையும் இருக்கக்கூடாது. கோபப்பட உன் மண்டை இல்லை. அம்மாவின் பாரம் கொஞ்சமாவது குறைந்திருக்கும். மிச்சம் என் மண்டைதான். அதைப் பேசாமல் கிடக்கச் சொல்கிறேன், கேட்கிறதில்லை. உன்னோடு வாதாடினால் பசிக்கும். என்னோடு நானே வாதாடினால் அலுப்புத்தான் மிச்சம்.

சொன்னது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். நீ இல்லை என்பதும் நன்றாகத் தெரியும். ஆளில்லாத இடத்தில் நின்று கெஞ்சுகிற என்னைக் கண்டால் வென்றுவிட்டாய் என்று ஊரெல்லாம் சொல்லுவாய். சொல்லு, பரவாயில்லை.

மன்னிச்சுக்கொள்ளடா.