ஒரு காதால் கேட்ட கச்சேரி

அக்கா,

முதலில் கண்ணில் பட்டது, செம்மஞ்சள் நிற இயர் பிளக் வெள்ளையாகிப் போயிருந்ததுதான்.

நேற்றுக் காலை வெங்காயக் கொட்டகையில் என்னைக் குளிரறைக்குப் போகச் சொன்னார்கள். மலையிலிருந்து வந்த மறுநாள் தொங்கவிட்ட ஜாக்கெட் அதே கொக்கியில் இருந்தது. அதன் பிறகு எனக்குக் குளிரறை வேலை வரவேயில்லை. மாட்டிக்கொண்டு உள்பையில் கை விட்டேன். விரலில் மாவு போல ஏதோ ஒட்டியது. அம்மா காகிதத்தில் மடித்துத் தந்த திருநீறு, கிழிந்து பையெல்லாம் கொட்டியிருந்தது. அதற்குள் கிடந்தது அந்த இயர் பிளக் சோடி, நீலக் கயிற்றோடு. ஒன்று என் காதில் இருந்தது, மற்றது உங்கள் காதில். எது யாருடையது என்று இப்போது சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டு நான் புக்கெகோஹியில் இந்தக் கொட்டகைக்கு வேலைக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. வகுப்பின் முன்னால் நின்று பேசச் சொன்ன ஒரு நாளில் என் வாய் மூடிக்கொண்டது. பிறகு அந்தக் கட்டடத்துக்குள் அது திறக்கவேயில்லை. ஏன் விட்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை. இருவர் வீடும் லின்ஃபீல்டில்தான் என்று தெரிந்ததும், "நாளையிலேருந்து என் காடியில வந்துரு" என்று மட்டும் சொன்னீர்கள். காரை நீங்கள் காடி என்பீர்கள். முதல் நாள் உங்களை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன்.

"ஆன்ட்டியா? பல்ல ஒடச்சிருவேன். நாப்பத்தஞ்சு ஒரு வயசா? அக்கான்னு கூப்டு."

"ஓம் அக்கா" என்று சிரித்துவிட்டேன்.

"அப்பாடா, வாயில பல்லு இருக்கு. இருட்டுல இல்லன்னு நெனச்சேன்."

ஒவ்வொரு விடியலிலும் கதவைத் திறந்து ஏறியதும், "பசியாறிட்டியா?" என்று கேட்பீர்கள். என் பதிலுக்குக் காத்திருக்காமல் மடியில் ஒரு டப்பாவை வைப்பீர்கள். பிறகு கேசட். உங்கள் பழைய காடியில் இன்னமும் கேசட் போடலாம். ஆக்லாந்துக்குப் படிக்கப் போன உங்கள் மாமன் மகன், உங்கள் ஊர் ஈப்போவுக்கு அனுப்பிய கேசட் அது. இந்த நாட்டு ராக் குழு ஒன்றின் பாட்டுகள். அப்போது உங்களுக்கு என் வயது. "விசாவுக்கு முன்னாடி இந்த நாடு எனக்குக் கேசட்டுல வந்துச்சு, தெரியுமா?" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே பாடுவீர்கள். சுருதி சேராது. எனக்கு அது பிடிக்கும்.

கொட்டகையில் வெங்காயம் உருண்டு வரும் பெல்ட்டின் இரு பக்கமும் நாம் நிற்போம். இயந்திரத்தின் இரைச்சலில் யாரும் கதைக்க முடியாது. எல்லாம் கைதான். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து. ஒரு விரலை மேலே தூக்கிச் சுழற்றினால் ஓடட்டும். எட்டு மணி நேரம் யாரும் என்னைப் பேசச் சொல்லாத ஓர் இடம் உலகத்தில் இருந்தது. அங்கே எதிர்ப்பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். தேநீர் இடைவேளையில்தான் வம்புக்கு இழுப்பீர்கள்.

"வெங்காயத்துக்கிட்டப் பேசுற அளவுக்காவது என்கிட்டப் பேசேன்டி."

"வெங்காயம் திருப்பிக் கேள்வி கேக்காது அக்கா."

நீங்கள் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது.

போன குளிர்காலத்தின் கடைசியில் அந்தக் கேசட் குழு ருவாபெஹு மலையில், பனிச்சறுக்கு விளையாடுபவர்கள் கூடும் இடத்திலேயே பாடப் போகிறது என்று தெரிந்தது. அன்று காடியை ஓரமாக நிறுத்தினீர்கள். பிறகு என்னிடம் திரும்பி, "நீயும் வர்ற" என்றீர்கள். கேள்வியாக இல்லை.

அம்மாவிடம் கேட்க வீட்டுக்கு வந்தீர்கள். நான் குசினி வாசலில் ஒளிந்து நின்றேன்.

"எங்க போறியள்?"

"மலையில ஒரு கூட்டம்க்கா. எல்லாரும் கையத் தூக்கிப் பாடுவாங்க. சில பேரு அழுவாங்ககூட."

அம்மா உங்கள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "ஓ, சேர்ச் காம்பே? பனிக்குள்ள என்ன ஜெபம்? பிள்ளைக்குத் தடிமன் வந்திடும்."

"பத்தரமாக் கூட்டியாந்துருவேன்க்கா."

பிறகு காடியில் நீங்கள் சொன்னது: "நான் பொய் ஒன்னும் சொல்லல லா. மிச்சத்த அவங்களே சொல்லிக்கிட்டாங்க." அம்மாவோ இரவே இடியப்பம் அவித்து, "யேசுவையும் கும்பிடு, பிள்ளையாரையும் மறந்திடாத" என்று திருநீற்றுப் பொட்டலத்தைத் தந்தார்.

நம்மிடம் பனிக்கான உடுப்பு இல்லை. அதனால் கொட்டகையின் குளிரறை ஜாக்கெட்டுகளை மாட்டிக்கொண்டு போனோம். முதுகிலும் கையிலும் வெள்ளிப் பட்டி மின்னும் செம்மஞ்சள் ஜாக்கெட்டுகள். காலில் வெங்காய மண் ஒட்டிய ரப்பர் கம்பூட்ஸ். காடியை விட்டு இறங்கிப் பத்து அடி நடப்பதற்குள் ஓர் ஆள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கழிப்பறை எங்கே என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். அந்த மலையில் நம்மைப் போல் உடுத்தியிருந்தவர்கள் அங்கே வேலை செய்பவர்கள் மட்டும்தான்.

நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல் இடது பக்கம் கை காட்டினீர்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு ஓடினார்.

"அக்கா, அங்க இருக்கோ தெரியுமோ?"

"எங்கயாவது இருக்கும்லா. நடயப் பாரு. வேலைக்கு வந்தவ மாதிரி நட."

வேலைக்கு வந்தவர்கள் போல நடந்தோம். கயிறு கட்டியிருந்த இடத்தில் நின்ற காவலர் நம் ஜாக்கெட்டைப் பார்த்துக் கயிற்றைத் தூக்கிவிட்டார். மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் என் கையில் தண்ணீர்ப் போத்தல்கள் நிறைந்த பெட்டியைத் திணித்து, முன்வரிசைக்குக் கொடுக்கச் சொன்னார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் விரலைத் தூக்கிச் சுழற்றினீர்கள். ஓடட்டும். நான் கொடுத்தேன். ஒவ்வொருவரிடமும் "ஹியர் யூ கோ" என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுவதும் சொன்ன சொற்களைவிட அந்தப் பத்து நிமிடத்தில் அதிகம் சொன்னேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை. தண்ணீரை வாங்கிக்கொண்டார்கள்.

அப்படித்தான் மேடைக்கு நேர் கீழே நின்றோம். பாடிய நால்வரும் நரைத்திருந்தார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கிட்டார்க்காரர் விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொண்டார். தலைக்கு மேல் கம்பியில், ஆட்களை உச்சிக்கு ஏற்றும் நாற்காலிகள் போய்க்கொண்டிருந்தன. பனிச்சறுக்குக் கட்டைகளோடு கால்கள் ஆடின. அடித்த அடி பாறையில் பட்டு ஒரு கணம் பிந்தித் திரும்பி வந்தது. டிரம்மின் ஒவ்வோர் அடியும் பனி வழியாக ஏறிக் கம்பூட்ஸுக்குள் தெரிந்தது.

ஸ்பீக்கர் அத்தனை பக்கத்தில். உங்கள் பையில் இருந்தது ஒரே ஒரு சோடி இயர் பிளக். "காது போனாத் திரும்பி வராது" என்று ஒன்றை என் இடது காதில் அழுத்தினீர்கள், மற்றதை உங்கள் வலது காதில். கயிறு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதை அறுக்க நம் இருவருக்குமே தோன்றவில்லை. கேசட்டின் முதல் பாட்டு தொடங்கியதும் நீங்கள் குதித்தீர்கள். கயிறு என் காதை இழுத்தது. நானும் குதித்தேன். வேறு வழியிருக்கவில்லை. பிறகு கயிறு இழுக்காதபோதும் குதித்தேன்.

ஐந்தாவது பாட்டில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். ஒரு கையால் தலையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தீர்கள். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நிறுத்துவோமா? நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்தீர்கள். விரலைத் தூக்கிச் சுழற்றினீர்கள்.

திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் ஓட்டியதும் காடியை நிறுத்திப் புல்லில் வாந்தி எடுத்தீர்கள். பிறகு கதவில் சாய்ந்துகொண்டு, "எனக்கு ரெண்டு ரோடு தெரியுது பாப்பா. எதுல போறதுன்னு நீ சொல்லு" என்று சிரித்தீர்கள். என்னிடம் இருந்தது பழகுநர் உரிமம். ஓட்டியது கொட்டகை முற்றத்தில் மட்டும். மஞ்சள் எல் பலகையை ஒட்டிவிட்டு ஹாமில்டன் வரை நான்தான் ஓட்டினேன். நீங்கள் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தீர்கள்.

"டொக்டரிட்டப் போவமே அக்கா?"

"எதுக்கு? மலைக் காத்து ஒத்துக்கல. கண்ணாடி மாத்தணும், அவ்ளோதான். இத யார்கிட்டயும் சொல்லாத. அவருக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுல பூட்டி வச்சிருவாரு. சொல்ல மாட்டல்ல?"

"ஓம்" என்றேன்.

பேசாமல் இருப்பதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. அதற்குப் பிறகு ஆறு வாரம் அதைச் செய்தேன். விடியாத நேரத்தில் நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டியபோது செய்தேன். பெல்ட்டின் அந்தப் பக்கத்தில் நின்று நீங்கள் ஒரு கண்ணைப் பொத்தியபோது உள்ளங்கையைக் காட்டினேன். நீங்கள் விரலைச் சுழற்றினீர்கள். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் காடி வரவில்லை. வாசலில் டப்பாவைக் கழுவி வைத்துக்கொண்டு நின்றேன். ஏழு மணிக்கு அண்ணாவின் அழைப்பு வந்தது. உங்கள் கணவரை நான் அண்ணா என்று கூப்பிடுவதே உங்களால்தான். குளியலறையில் விழுந்துவிட்டீர்கள் என்றார். மூளையில் இரத்தக் கசிவு என்று பிறகு சொன்னார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகள் உங்கள் வீட்டுப் படியெல்லாம் கிடந்தன. அம்மா அழுதுகொண்டே அண்ணாவிடம், "என்ர பிள்ளையைப் பனிக்குள்ள சேர்ச் காம்புக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணும் கருத்துமாத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவ" என்றார். நாம் போனது எங்கே என்று அண்ணாவுக்குத் தெரியும். இந்த வயதில் கச்சேரியா என்று உங்களைக் கேலி செய்தவர் அவர்தானே. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "ஆமாக்கா. சந்தோசமா வந்தா" என்றார்.

அழுத கண்ணோடு எனக்காக அந்தப் பொய்யைச் சொன்ன மனிதர், கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"தெனமும் உன்கூடத்தானம்மா வருவா. தலவலி, மயக்கம்னு எதுனாச்சும் சொன்னாளா?"

"இல்லை அண்ணா."

அந்த இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் அக்கா. உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அவர் என்னைப் பார்த்து, உனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்பாரே என்ற பயம்தான்.

போன வாரம் அம்மா அவரை மளிகைக் கடையில் கண்டிருக்கிறார். சேர்ச்சுக்குக்கூடப் போவதில்லையாம். "அந்த மனுசன் இன்னும் அதையேதான் சொல்லுது. கூடவே இருந்தும் நான் கவனிக்கலக்கா எண்டு" என்றார் அம்மா, வெண்டிக்காயை ஒடித்துப் பார்த்தபடி. நான் எழுந்து அறைக்குள் போய்விட்டேன். நீங்கள் அவரிடம் மறைத்தீர்கள். நானும் சேர்ந்து மறைத்தேன். இருவரும் மறைத்ததை அவர் பார்க்கவில்லை என்று எட்டு மாதமாகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் அன்றே சொல்லியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? தெரியாது. தெரியாமலே இருக்கப் போகிறேன். அண்ணாவுக்கு அந்தத் தெரியாமையில்கூடப் பங்கு இல்லை. அவரிடம் இருப்பது தவறான ஒரு பதில் மட்டும்தான். அதைக் கொடுத்தவள் நான்.

குளிரறையில் அந்தத் திருநீற்றைத் தட்டிவிட்டு, ஒரு பிளக்கை இடது காதில் வைத்துப் பார்த்தேன். மற்றது மார்பில் தொங்கியது. கயிற்றில் இழுப்பே இல்லை. எதிரே நின்ற புதுப் பெண் என்ன ஆயிற்று என்பது போல உள்ளங்கையை விரித்தாள். இந்தச் சைகையை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. எனக்கு விரலைச் சுழற்ற மனம் வரவில்லை.

மூன்றரைக்கு வேலை முடிந்தது. இப்போது தனியாக ஓட்டும் உரிமம் இருக்கிறது அக்கா, அம்மாவின் காரில்தான் போய் வருகிறேன். லின்ஃபீல்டுக்கு வந்து, எங்கள் தெருவில் திரும்பாமல் உங்கள் தெருவில் திரும்பினேன். உங்கள் காடி அதே இடத்தில், கண்ணாடியெல்லாம் இலை விழுந்து நின்றது. மணி அடித்தேன். கதவைத் திறந்த அண்ணா மெலிந்திருந்தார்.

"வாம்மா. பசியாறிட்டியா? ரொட்டி இருக்கு."

"பிறகு சாப்பிடுறன் அண்ணா. முதல்ல ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்கு நான் பொய் சொன்னனான்."

நீலக் கயிற்றை மேசையில் வைத்தேன். அவர் உட்காரும் வரை நின்றேன். பிறகு மலையில் நடந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.