விர்ஜினியாவில் செல்லும், அன்னூரில் செல்லாது

கோயம்புத்தூர்
14 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

ஆமாம், நான் சரியாகப் பேசாததற்கு நீங்கள் அனுப்பிய அந்தப் படம்தான் காரணம். நேற்று போனில் நீங்கள் கேட்டபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். அதனால் "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றேன். போனையும் அவள் எடுத்துப் பார்க்கிறாள். இனிமேல் இப்படித்தான், கல்லூரிக் கணினியிலிருந்து மின்னஞ்சல்.

படத்தில் நீங்களும் மேகன் அண்ணியும் புல்வெளியில் கேக் வெட்டுகிறீர்கள். ஜூன் 12. இனம் தாண்டி மணந்தவர்கள் அங்கே கொண்டாடும் நாள். குடும்பக் குழுவில் எல்லாரும் பூங்கொத்து போட்டார்கள். அப்பாவும் போட்டார். அது என்ன நாள் என்று அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். வருஷா வருஷம் சட்டக் கல்லூரி வகுப்பில் நடத்துகிறேன். லவ்விங் எதிர் விர்ஜினியா வழக்கு, தீர்ப்பு 1967 ஜூன் 12. லவ்விங் என்ற வெள்ளைக்காரர், ஒரு கறுப்பினப் பெண். வாஷிங்டனில் கல்யாணம் செய்துகொண்டு விர்ஜினியாவுக்குத் திரும்பினார்கள். போலீஸ் படுக்கையறைக்குள் வந்தது. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்கள். இங்கே செல்லாது என்றார் அதிகாரி. இருவரும் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் மாநிலத்துக்குள் வரக்கூடாது என்றது கீழ்நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் அதை உடைத்தார்கள். அதற்கு முன்பு என்றால் உங்கள் கல்யாணமும் அங்கே குற்றம் அண்ணா. ஜெயில்.

கேக் வெட்டுங்கள். வெட்ட வேண்டிய நாள்தான்.

நான் அன்புமணியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். நம் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிய மாசாணத்தின் மகன். உங்களோடு பத்தாவது வரை படித்தவர். இப்போது மில் இயந்திரங்களுக்கு சர்வீஸ் இன்ஜினியர். திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்கிறோம். ஒரு மாதம் பலகையில் ஒட்டியிருப்பார்கள். பிறகு மூன்று சாட்சிகள் வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் மெர்சி, அன்புமணியின் நண்பர் முஸ்தபா. மூன்றாவது நீங்கள். ஜூலைக் கடைசியில் லீவில் வருகிறீர்களே.

யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அன்புத் தங்கை,
லோகப்பிரியா


ரிச்மண்ட், விர்ஜினியா
16 ஜூன் 2025

அன்புள்ள அம்மணி,

உன் மின்னஞ்சலைப் படித்தேன். அன்புமணி தங்கமானவன். எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அவனைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

ஆனால் நம் ஊர் அமெரிக்கா இல்லை கண்ணு. அப்பாவுக்கு சுகர் ஏறி இறங்குகிறது. ஒரு வருஷம் பொறு. நான் வந்து பக்குவமாகப் பேசுகிறேன். அவர் மாறக்கூடியவர்தான். மேகன் விஷயத்தில் மாறவில்லையா?

நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தில் எதுவும் செய்துவிடாதே.

அன்பு அண்ணன்,
கவின்


கோயம்புத்தூர்
18 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

அப்பா மாறவில்லை. அண்ணியை மாற்றினார்.

மறந்துவிட்டீர்களா? உங்கள் முகூர்த்தத்துக்கு முதல் நாள் உடுமலைப்பேட்டை மாமா அண்ணியை மகளாகத் தத்தெடுத்தார். காபி ஆறுவதற்குள் அவருக்கு நம் சாதி, ஒரு குலம், ஒரு குலதெய்வம், எல்லாம் கிடைத்துவிட்டன. அப்புறம் ஒரு சீர் விடாமல் நடந்தது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீரை உங்களுக்குச் செய்தவள் நான். "வெள்ளைக்காரிக்கு ஏதுங்க சாதி? நாம குடுக்கறதுதானுங்க" என்று அப்பா பந்தி பந்தியாகச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்புமணியைத் தத்தெடுக்க எந்த மாமா வருவார்? வந்தாலும் வேண்டாம்.

பொறு என்கிறீர்கள். 1954இல் அதே நீதிமன்றம், பள்ளியில் கறுப்பர் தனி வெள்ளையர் தனி என்பது செல்லாது என்றது. சரி, எப்போது சேர்ப்பது? நிதானமான வேகத்தில் என்றது அடுத்த வருஷத் தீர்ப்பு. எட்டு ஒன்பது வருஷம் கழித்தும் தென்மாநிலங்களில் நூறு கறுப்பினக் குழந்தைகளில் இரண்டு பேர்கூட வெள்ளையர் பள்ளிக்குள் இல்லை. 'நிதானமான வேகம்' என்ற அந்த இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் சுண்ணக்கட்டி உடைகிறது.

நோட்டீஸ் கொடுத்தாயிற்று. வருவீர்களா, மாட்டீர்களா?

லோகப்பிரியா


ரிச்மண்ட்
21 ஜூன் 2025

அம்மணி,

வாரேன். உனக்கு நான் இல்லாமல் வேறு யார்?

எந்த அலுவலகம், என்றைக்கு என்று எழுது. டிக்கெட் போட வேண்டும்.

கவின்


கோயம்புத்தூர்
12 ஜூலை 2025

அண்ணா,

எந்த அலுவலகம் என்று உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன்.

நேற்று பதிவாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால் அங்கே அப்பா. வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க சார், புள்ளைக்குப் புத்தி தடுமாறிப்போச்சுங்க. அவ அண்ணனே அமெரிக்காவுல இருந்து எழுதிக் குடுத்திருக்கானுங்க."

சாதியைச் சொல்லி ஆட்சேபிக்கச் சட்டத்தில் இடமில்லை. சித்தம் சரியில்லை என்று சொல்ல இடமுண்டு. யாரோ கெட்டிக்கார வக்கீல்.

"என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்றார் பதிவாளர்.

"சட்டக் கல்லூரியில அரசியலமைப்புச் சட்டம் நடத்தறனுங்க."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளிங்க."

"பத்துல ஏழு போனா?"

"மூணுங்க."

வாசலில் நின்ற முஸ்தபா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அந்தத் தாளைக் காட்டினார். உங்கள் கையெழுத்து. உங்கள் தமிழ். 'என் தங்கை சில மாதங்களாகத் தெளிவான மனநிலையில் இல்லை. தானாக முடிவெடுக்கும் நிலையிலும் இல்லை.'

லவ்விங் வழக்கில் போலீசுக்குத் தகவல் சொன்னது யார் என்று மாணவர்கள் கேட்பார்கள். யாரோ ஒருவர், பெயர் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். நேற்றிலிருந்து அந்த ஆளைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. அந்த வீட்டில் விருந்து சாப்பிட்டவராகக்கூட இருக்கலாம்.

அன்னூரில் நம் வீட்டுக்குப் போகவில்லை. மெர்சி வீட்டில் இருக்கிறேன்.

லோகப்பிரியா


ரிச்மண்ட்
13 ஜூலை 2025

என் அம்மணிக்கு,

உனக்காகப் பேசலாம் என்றுதான் அப்பாவை அழைத்தேன். பேச்சு வளர்ந்ததில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மறுநாள் அவரே அழைத்தார். "உம்பட பெரியப்பன் ஆள் சேர்த்துட்டாரு. மாசாணம் ஊட்டுக்குக் கெளம்பறாங்க. நீ எழுதிக் குடுத்தீன்னா நிறுத்திப்போடறேன்."

இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வேறு என்ன செய்வது? அன்புமணி உயிரைவிட ஒரு தாள் பெரிதா? கொஞ்ச நாள் தள்ளிப்போகட்டும், சூடு தணியட்டும் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படிக்காமலே கூரியரில் அனுப்பினேன்.

மேகனுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு நம் ஊர் புரியாது. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் அண்ணன்


கோயம்புத்தூர்
19 ஆகஸ்ட் 2025

கவின் அண்ணா,

ஆட்சேபம் தள்ளுபடி ஆனது. அதற்காக அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்தேன். என் புத்தி தெளிவாக இருக்கிறது என்று இப்போது என்னிடம் சான்றிதழ் இருக்கிறது. நம் குடும்பத்தில் வேறு யாரிடமும் இல்லை.

நேற்று கல்யாணம் முடிந்தது. மூன்றாவது சாட்சி மாசாணம்.

பெரியப்பாவைப் பற்றி விசாரித்தேன். நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த வாரம் அவருக்குக் கண் ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். யாரும் எங்கும் கிளம்பவில்லை. மாசாணத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாம். என்னைக் கேட்டிருக்கலாம். அப்பா சொன்னதை நம்புவது உங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

கிளம்பியே இருந்தாலும், அதே கையால் போலீசுக்கு எழுதியிருக்கலாம். என்னைப் பைத்தியம் என்று எழுதினீர்கள். அதுதான் சுலபம். அதற்குப் பிறகும் லீவில் ஊருக்கு வரலாம். அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

அண்ணிக்கு நம் ஊர் புரியாது என்றீர்கள். இங்கே அவர் கல்யாணத்தில் ஒரே நாளில் அவருக்குச் சாதி கொடுத்தது ஏன் என்று யாரும் விளக்கிச் சொல்லவே இல்லை.

உங்கள் வாக்குமூலத்தின் நகலை வாங்கி இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீங்கள் சொன்ன காரணத்தையும் முழுதாகச் சேர்த்தேன். இன்று காலை அதை மேகன் அண்ணிக்கு அனுப்பிவிட்டு, வகுப்புக்குப் போனேன்.

லோகப்பிரியா