ஸ்கேன் முடியும்வரை காபி டப்பாவைத் தேட வேண்டாம்

இங்க பாருங்க,

மாடிப்படியில மூச்சு வாங்கிக்கிட்டே "டாக்டரெல்லாம் வேண்டாம், என் நெஞ்சு கல்லு மாதிரி திடமா இருக்கு"ன்னு நீங்க சொன்னதுலேருந்து நமக்குள்ள பேச்சில்ல. அதான் எழுதுறேன்.

காபி டப்பா என் கைப்பையில வேலைக்கு வருது. ஒரு வாய் குடிச்சாலும், ஸ்கேன்ல இதய ரத்தக்குழாயை விரிக்க டாக்டர் போடுற மருந்து சரியா வேலை செய்யாது. பக்கத்து வீட்டுல கேக்கலாம்னு நினைக்காதீங்க, அங்கயும் சொல்லி வெச்சாச்சு.

மிஷினுக்குள்ள உலோகம் ஆகாது, கல்யாண மோதிரத்தை வீட்டிலேயே கழட்டுங்க. வரலைன்னா சோப்பு போடுங்க, உறவு ஒண்ணும் முறிஞ்சிடாது.

இன்னைக்கு எம்ஆர்ஐ மிஷினை ஓட்டப் போறது நான்தான். முக்கால் மணி நேரம் உங்க காதுல "மூச்சை விடுங்க, அடக்குங்க"ன்னு என் குரல்தான் கேக்கும். அசையக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது. கல்யாணமாகி இருபது வருஷத்துல இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைச்சதே இல்ல.

பி.கு.: கையில ஒரு ரப்பர் பந்து தருவேன். பயமா இருந்தா அமுக்குங்க, எனக்கு மணி அடிக்கும். எந்தக் கோபத்துல இருந்தாலும் ஓடி வந்துடுவேன்.

இன்னொண்ணு: சும்மா என்னைப் பாக்கணும்னு அமுக்காதீங்க. படம் கெட்டுப்போகும், மறுபடி எடுக்கணும்.

சரி, ஒரே ஒரு தடவை.