கிணற்றுக்குப் பொருந்தும் எண்ணெய்

மச்சான்,

நேற்று யாழ்ப்பாணப் பட்டணத்தில் நம் காற்றடிக்கும் கொம்பிறசருக்கு ஒரு பெல்ட் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பெல்ட்டைச் சுற்றித் தந்துவிட்டு, மேல்தட்டிலிருந்து மஞ்சள் தகரம் ஒன்றை இறக்கி வைத்தார். "அண்ணை, இது உங்கடை றில்லுக்கெண்டே செய்த எண்ணெய். இப்ப கப்பலிலை தாராளமாய் வருது," என்றார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். நல்ல எண்ணெய்தான். விரலில் தொட்டால் நூல்போல் இழுபட்டது. ஆனால் மூக்கில் ஏறியது மண்ணெண்ணெயின் உறவுக்கார மணம். "மிசினுக்குச் சரி, தண்ணிக்கு?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். கடைக்காரர் விளங்காமல் பார்த்தார். அது உன் கேள்வி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பெல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் உன்னோடு கதைத்தபடியே வந்தேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

றோட்டு வேலைக்குப் பாவித்துக் கழித்த கொம்பிறசரையும், காற்றால் அடித்துக் கல்லைத் துளைக்கும் அந்த றில்லையும் நாம் கூட்டாக வாங்கிய நாளில் உனக்கும் எனக்கும் தலை கால் புரியவில்லை. கிணறு வெட்ட அலவாங்குக் கம்பியால் மாதக்கணக்கில் இடித்த சுண்ணக்கல்லை இனி வெண்ணெய் வெட்டுவதுபோல் வெட்டலாம் என்று நினைத்தோம். நீ கீழே இறங்கித் துளைப்பாய். துளையில் ஆப்பிறுக்கிக் கல்லைப் பிளப்பாய். நான் மேலே நின்று இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு கல்லைக் கப்பியில் தூக்குவேன். வீட்டில் சும்மா இருக்கும்போதும் உனக்கு அந்த றில்லின் அதிர்வு கையில் ஓடிக்கொண்டிருக்கும். தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும். நீ சிரிப்பாய்.

அந்த றில்லுக்கு ஓயாமல் எண்ணெய் வேண்டும். காற்றோடு கலந்து உள்ளே போய், வேலை முடிந்ததும் புகைபோல் வெளியே வரும் எண்ணெய். றோட்டில் நின்று துளைப்பவனுக்கு அது காற்றோடு போய்விடும். கிணற்றுக்குள் அது எங்கே போகும்? இந்தக் கேள்வி ஊரெழுக் கிராமத்தில் ஒரு வீட்டுக் கிணற்றை முடிக்கும்வரை நம் இருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. லொறிக்கு விடும் எஞ்சின் ஒயிலைத்தான் நாமும் விட்டோம்.

அந்த வீட்டு அக்கா கற்பூரம் கொளுத்தினார். முதல் வாளியைத் தன் கையாலேயே அள்ளினார். செம்பில் ஊற்றி வாயில் வைத்தவர் அப்படியே துப்பினார்.

"தம்பியவை, கோவிக்காதேங்கோ. லொறிக்குக் கீழை படுத்து வாயைத் திறந்தமாதிரிக் கிடக்கு."

நீ வாளியை எட்டிப் பார்த்தாய். தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய் படர்ந்து கிடந்தது. வாளியைத் திருப்பிக் கொடுத்தாய். அந்தக் கிழமை முழுவதும் நாம் வேறு வேலைக்குப் போகவில்லை. நீர்ப் பம்ப் ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஊற ஊற இறைத்தோம். கரையோரக் கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவினாய். அக்காவே இரக்கப்பட்டு, "காணும் தம்பி, மழைக்குச் சரிவரும்," என்றார். நீ கேட்கவில்லை. மாலையில் களைத்துப்போய் வரம்பில் இருந்தபோது சொன்னாய்: "உந்த மண்ணுக்குக் கீழை எல்லாக் கிணறும் ஒண்டுதான் மச்சான். இஞ்சை ஊத்தினது அங்கை ஊறும்."

அன்றிலிருந்து குடிக்கக்கூடிய எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கண்ணில் படாத காலம் அது. தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தோம். வேகமாகப் பாயும் காற்று குளிர்ந்து, றில்லின் வாயில் எண்ணெய் மார்கழிக் குளிரில் போத்தலுக்குள் உறைவதுபோல் வெள்ளையாக உறைந்தது. மிசின் முனகி நின்றது. நல்லெண்ணெய் விட்டோம். அது உறையவில்லை, ஆனால் அடி தாங்கவில்லை. உள்ளே இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டது. பருத்தித்துறைக்குப் போய்ப் படகு மிசின்காரர் ஒருவரிடம் கேட்டோம். அவர் தன்னிடமிருந்த எண்ணெயைக் காட்டி, "உதைக் கிணத்துக்கை விட்டியளெண்டால் தவளையும் தங்காது," என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை.

விடை கிடைத்த இடம் யாழ்ப்பாண முற்றவெளி மைதானத்தில் நடந்த கார்னிவல். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ஒருவர் நடுவில் நின்று, கம்பியில் கட்டிய சின்ன விமானம் ஒன்றைத் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிப் பறக்கவிட்டார். கைவிரலளவு எஞ்சின் காதைப் பிளந்தது. எல்லோரும் ஆகாயத்தைப் பார்க்க, நீ கண்ணை மூடிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாய்.

"மச்சான், ஆமணக்கெண்ணெய்!"

"உனக்கென்ன விசரே? அது பேதிக்குக் குடிக்கிறதெல்லோ."

விமானம் இறங்கியதும் சனத்தை விலக்கிக்கொண்டு அந்த மனிதரிடம் போனாய். அவர் சந்தோஷமாக விளக்கினார். இந்தக் குட்டி எஞ்சினின் சூட்டையும் வேகத்தையும் தாங்க ஆமணக்கெண்ணெயைப் போல் வேறொன்று இல்லையாம். எரிபொருளிலேயே கலந்து விடுவாராம். பிள்ளைகள் இராட்டினத்துக்கு அழுதுகொண்டு நின்றார்கள். நீ குந்தியிருந்து, அந்த எஞ்சினில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தனி ஆமணக்கெண்ணெய் பாகுபோல் தடித்து, காற்றோடு போக மறுத்தது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, வெயிலில் வைத்து, ஆட்டிப் பார்த்துப் பார்த்து ஒரு பதம் பிடித்தாய். றில்லின் சத்தமே மாறியது. அதுவரை இருமியது பாடத் தொடங்கியது. ஒரே ஒரு தொல்லை. வேலை முடிய அப்படியே விட்டால் உள்ளே பிசினாகிவிடும். அதனால் ஒவ்வொரு மாலையும் கிணற்றிலிருந்து தள்ளி வைத்துக் கழற்றித் துடைக்க வேண்டும். நீ அலுத்துக்கொண்டதே இல்லை. தண்ணீரில் மிதந்த சொட்டுகளை வைக்கோலால் ஒற்றி எடுத்தோம். அடுத்து வெட்டிய கிணற்றில் தண்ணீர் கற்கண்டுபோல் இருந்தது. "உதுக்கை ஒரு நாள் முழுக்க நிண்டால் பேதி மருந்தே தேவையில்லை," என்று நீ மேலே ஏறி வந்து சொன்னபோது, உன் முகம் முழுக்க எண்ணெயும் கல்லுத்தூசியும். பல் மட்டும் தெரிந்தது.

பிறகு வலிகாமப் பகுதி முழுவதுமிருந்து நம்மைத் தேடி வந்தார்கள். "எண்ணெய் மணக்காத கிணறு வெட்டுறவை" என்று நமக்குப் பெயர். ஆனால் அச்சுவேலியில் உன் வீட்டு வளவில் கிணறு இல்லை. ஒழுங்கைக்கு அப்பால், பல வீட்டாருக்கும் பொதுவாக இருந்த பங்குக் கிணற்றில்தான், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி விடியமுன் வரிசையில் நிற்பாள். பிள்ளைகள் குளிப்பதற்கும் அளவு, பாத்திரம் கழுவவும் அளவு. ஒவ்வொரு மாரி முடிவிலும் நீ சொல்வாய், "வாற கோடையிலை எங்கடை வளவிலை தொடங்குவம்." ஒவ்வொரு கோடையிலும் யாராவது வந்து நிற்பார்கள். மகளுக்குக் கலியாணம், தோட்டம் காயுது, கிணறு உப்பாய்ப் போச்சு. உன்னால் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் நான் உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கச்சி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் தண்ணி காட்டுற மனிசன், அண்ணை. எனக்கும் தண்ணி காட்டுறார்." மூவரும் சிரித்தோம். அவள் சிரிப்பு முதலில் நின்றதை நான் கண்டேன். நீயும் கண்டிருப்பாய்.

இருமல் எப்போது தொடங்கியது என்று சரியாக ஞாபகமில்லை. முதலில் பழைய எஞ்சின் ஒயில் புகை என்றாய். எண்ணெயை மாற்றியதும் புகை குறைந்தது, கல்லுத்தூசி குறையவில்லை. சால்வையை வாயில் கட்டுவாய். மேலே இருக்கும் என்னோடு கதைக்க வேண்டும் என்று அவிழ்த்துவிடுவாய். கிணற்றுக்குள் இருந்து கதைக்காமல் உன்னால் இருக்க முடியாதே. மிசினின் நெஞ்சு இளைக்காமல் இருக்க எத்தனை எண்ணெய் தேடினோம்! உன் நெஞ்சைப் பற்றி உட்கார்ந்து ஒரு நாளாவது யோசித்தோமா? "சளி மச்சான்," என்பாய். அதோடு கதை முடிந்துவிடும்.

ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ திரும்பி வந்தது வெள்ளைத் துணிக்குள். உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு நான் ஒழுங்கையைத் தாண்டிப் பங்குக் கிணற்றுக்குப் போனேன். எத்தனையோ வளவில் ஊற்றுக் கண்டவனுக்குக் கடைசித் தண்ணீர் அடுத்தவர் வளவிலிருந்து வந்தது. துலாக்கொடியை இழுத்து வாளியை நிறைத்தேன். மழை பெய்துகொண்டிருந்ததால் என் முகத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.

மாசியில் கொம்பிறசரை உன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். தங்கச்சி வேலிப் படலையைத் திறக்கவில்லை.

"இனி ஆருக்கண்ணை?"

"பிள்ளையளுக்கு."

அவள் படலையை அகலத் திறந்துவிட்டாள்.

நீ பிடிக்கும் றில்லை முதன்முறையாக நான் பிடித்தேன். மேலே மிசினைப் பார்க்கக் கூலிக்கு ஒரு பெடியன் நின்றான். உன் பதத்தில்தான் எண்ணெய் கலந்தேன். கீழே எவ்வளவு சூடு, எவ்வளவு இருட்டு, எவ்வளவு சத்தம் என்பதை இத்தனை காலமும் மேலே நின்ற எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாயில் கட்டிய துணியை நான் அவிழ்க்கவில்லை. கதைக்க நீ இல்லை.

தண்ணீர் நன்றாக ஊறியது. நல்ல தண்ணீர், மச்சான். தங்கச்சி கயிற்றை வாங்கி முதல் வாளியை அள்ளினாள். குடிப்பாள் என்று பார்த்து நின்றோம். அவள் அதை நிலத்தில் ஊற்றினாள். இன்னொன்று அள்ளினாள், அதையும் ஊற்றினாள். பிறகு அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நின்றாள். முற்றம் முழுவதும் வெள்ளம். உன் மூத்த மகள், "அம்மா, வீணாய்ப் போகுது," என்று பிடிக்கப் போனாள். நான் அவளைத் தடுத்தேன். ஒரு குவளை தண்ணீரைக்கூடக் கணக்குப் பார்த்துச் செலவழித்தவள் அன்று கை சோரும்வரை ஊற்றினாள்.

இப்போது என்னோடு இரண்டு தம்பிமார் வேலை செய்கிறார்கள். வாயில் துணி கட்டாமல் யாரையும் கீழே இறங்க விடுவதில்லை, எவ்வளவு முறைத்தாலும். கோடை பிறக்கமுன், வேறு எந்த வீட்டுக்கும் வாக்குக் கொடுக்கமுன், அவர்களை இருத்தி ஒன்று கேட்கிறேன்: "உங்கடை வளவிலை கிணறு கிடக்கோ?" போன வருடம் அவர்களில் இளையவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அது பிறகு பாப்பம் அண்ணை, முதல் ஊர்ச் சனத்தின்ரை வேலை முடியட்டும்," என்றான்.

அடுத்த நாள் விடிய அவன் வீட்டு வாசலில்தான் கொம்பிறசரை நிறுத்தினேன்.