செத்தால்தான் இன்சூரன்ஸ்

புரட்டாசி, வெள்ளி இரவு.

நோட்டே, நல்லாக் கீறியா? நான் நன்றாக இல்லை. சூரத்தில் பிளேக் என்கிறது ரேடியோ. நானும் மனைவியும் போகவிருக்கும் துவாரகை யாத்திரை ரயில் அந்த வழிதான். பூந்தமல்லி டூர்க்காரனிடம் போய், நாங்கள் வரவில்லை, கட்டிய பணத்தைக் கொடு என்றேன்.

"ரயில் ஓடுது நைனா. நீயா நின்னா ஒண்ணும் கெடைக்காது."

"இன்சூரன்ஸுன்னு தனியா வாங்கினியே?"

"அது போய் செத்தாதான். பயந்துகினு ஊட்ல குந்தினா இல்ல."

சொன்னவன் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தான்.

துவாரகை உண்டியலுக்கென்று தெருவே மஞ்சள் துணியில் காசு முடிந்து தந்திருக்கிறது. திருப்பித் தந்தால் சாமி குத்தமாம், மனைவி சொல்கிறாள்.

"இன்னாய்யா எழுதிக்கினு கீற? உன் வேட்டிய மடிச்சி பொட்டில வெச்சிட்டேன், வந்து பாரு."

கூப்பிடுகிறாள். போக வேண்டாமடி என்று இப்போதாவது நான்...