எடைக்கு எடை வெல்லம்

இன்று காலை ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் கருவியின் மேல் ஏறச் சொன்னார்கள், அப்பா. ஏறிக் கண்களை மூடிக்கொண்டேன். இத்தனை வயதான பிறகும் அந்த இடத்தில் என் முகம் சுடுகிறது. நர்ஸ் என் எடையை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவாளோ என்று கூசி நின்றபோது உங்கள் நினைவு வந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு முதன்முதலில் மூச்சு இழுப்பு வந்தபோது ஐந்து வயது இருக்கும். குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று ஊரே கிளம்பிப் போகும். தென்காசியில் நம் வீட்டில் மட்டும் ஜன்னல்களை அடைத்துவிடுவீர்கள். அப்போது நான் நோஞ்சான். "காத்துல பறக்குத ஒடம்புக்குத்தான் இழுப்பு வரும். கனம் இருந்தா எந்த நோயும் அண்டாது" என்பீர்கள். வெல்ல மண்டியைப் பூட்டிவிட்டு வரும்போது மடியில் ஏதாவது தின்பண்டம் இருக்கும். உளுந்தங்களியும் நெய்ச்சோறும் உங்கள் கையாலேயே ஊட்டுவீர்கள். அம்மா போதும் என்றாலும் இன்னொரு கவளம் வரும்.

சில வருடங்களில் தெருவிலேயே பருத்த பிள்ளை நான்தான். இழுப்பு குறையவில்லை. முன்பு சாரலுக்கு மட்டும் வந்தது, பிறகு மச்சுப்படி ஏறினாலும் வந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் ஓடும்போது நான் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். 'வெல்ல மூட்டை' என்று கூப்பிட்டார்கள். அதை உங்களிடம் சொல்ல நா எழவில்லை. அது உங்கள் தொழிலின் பெயரும் அல்லவா.

ஒரு வருடம் சாரல் காலம் முழுவதும் இழுப்பு வரவில்லை. எதனால் என்று யாருக்கும் தெரியாது. என் எடைக்கு எடை வெல்லம் தருவதாக நேர்ந்திருந்ததை அப்போதுதான் சொன்னீர்கள். செங்கோட்டையில் ரயிலேறி, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கோயிலுக்குப் போனோம். துலாபாரத் தட்டில் என்னை உட்கார வைத்து, எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்கினார்கள். கொண்டுபோனது முழுவதையும் வைத்த பிறகும் என் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை.

"பத்தாது, இன்னும் வேணும்" என்றார் அடுக்கியவர்.

"கொழந்தையா, ஆனைக்குட்டியா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், அப்பா. உங்களுக்கு அது பெருமை. "நல்லா சாப்பிடுத பிள்ளை" என்றீர்கள்.

கடையிலிருந்து மீதி வெல்லம் வரும்வரை நான் தட்டிலேயே இருந்தேன். பாவாடையை இழுத்து இழுத்துக் கால்களை மூடினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டால் கனம் குறையுமோ என்று பிடித்துப் பார்த்தேன். விட்டபோது அது இழுப்பாகத்தான் வெளியே வந்தது. நின்றுபோனதற்கு நன்றி சொல்ல வந்த இடத்தில், அத்தனை பேர் பார்க்க, வாயைத் திறந்துகொண்டு காற்றுக்குத் தவித்தேன். நீங்கள் என்னை அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினீர்கள்.

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் போனோம். அவர் என் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு உங்களைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இழுப்பு எளைச்ச பிள்ளைக்கும் வரும், தடிச்ச பிள்ளைக்கும் வரும். ஆனா இம்புட்டு ஒடம்பு இருந்தா நெஞ்சு விரியவே செரமப்படும். தீனியைக் கொறைங்க. மெல்ல மெல்ல நடக்க வைங்க."

"அப்போ நான் ஊட்டினதெல்லாம்?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சிய" என்றார் டாக்டர்.

வீடு வரை நீங்கள் தலை நிமிரவில்லை. வழியில் வணக்கம் சொன்னவர்களுக்குப் பதில் வணக்கமும் சொல்லவில்லை. இப்படி ஒரு மகள் வாய்த்ததற்கு வெட்கப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். அந்த வெட்கம் உங்கள் மேலேயே என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆனது.

அதற்குப் பிறகு காலையில் குற்றாலம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தோம். முதல் நாள் மேலகரம் வரைகூடப் போக முடியவில்லை. ஒரு டீக்கடையில் இருந்தவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன அண்ணாச்சி, பிள்ளைய ஓட்டிக்கிட்டு எங்க போறிய?" என்று ஒருவர் கேட்டார். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"எனக்குத்தாம்லே இழுப்பு. டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு. இவ தொணைக்கு வாரா" என்றீர்கள்.

அதோடு விடவில்லை. எனக்கு மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் நீங்கள்தான் முதலில் நிற்பீர்கள். பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் காதில் விழும்படி இரைப்பீர்கள். வீட்டில் இனிப்பையும் விட்டுவிட்டீர்கள். வெல்ல வியாபாரி வெல்லம் தின்னாததற்கும் ஊர் சிரித்தது.

ஒரு ஆனி மாதம் குற்றாலம் வரை நடந்தே போய்விட்டோம். பெண்கள் பக்கம் போய்க் குளித்துவிட்டு வரச் சொன்னீர்கள். ஈரத்துணி உடம்போடு ஒட்டுமே என்று நினைத்து நகராமல் நின்றேன். "குளிக்காட்டி என்னட்டி, நடந்து வந்துட்டேல்லா" என்று திரும்பி நடந்தீர்கள்.

நான் மெலிந்தேன். இழுப்பு எப்போதாவது வருகிற விருந்தாளி ஆனது. எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த நேரத்தில் ஒரு மத்தியானம் மண்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

துக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வரன் பேசியிருந்த வீட்டு அம்மாளும் இருந்தாள். "பாவம், இழுப்பு நோயோட என்ன பாடு பட்டாரு. அந்த ரோட்டுல நின்னு நின்னுல்லா போவாரு" என்றாள் அவள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

"அப்பாவுக்கு இழுப்பே கெடையாது. எனக்குத்தான்" என்றேன்.

சித்தி என் தொடையில் கிள்ளினாள். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் கூசியது. "சின்னதுல தடிச்சு இருந்தேன். மூச்சு வாங்கும். என்னையப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு அவங்க தனக்குன்னு சொன்னாங்க" என்று முழுவதையும் சொல்லி முடித்தேன்.

அந்த வரன் நின்றுபோயிற்று. பிறகு வந்தவரிடம் முதலிலேயே சொன்னேன்.

கூச்சம் இன்னும் போகவில்லை, அப்பா. யாராவது என் உடம்பைப் பற்றிக் கேட்டால் முதலில் தலைதான் குனிகிறது. குரல் அதற்குப் பிறகு வருகிறது. ஆனாலும் வந்துவிடுகிறது.