உங்கள் எட்டுப் பச்சை வளையல்கள்

அக்கா,

இன்று காலை பள்ளியில் மேசை இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு கிலுங்கியது. அவிழ்க்காமலே தெரிந்துவிட்டது. உங்கள் பச்சைக் கண்ணாடி வளையல்கள், எட்டு. நான்கு வருடமாக என்னிடம்தான் இருக்கின்றன. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

உங்கள் மகள் மலரை முதல்முறை எங்கள் சிறப்புப் பயிற்சிப் பள்ளிக்குக் கூட்டிவந்த நாள் நினைவிருக்கிறது. அவளுக்குப் பன்னிரண்டு வயது, வாயில் பத்துச் சொல்தான். மற்ற பெற்றோர் எல்லாம் எப்போது பேசுவாள், எப்போது படிப்பாள் என்று கேட்பார்கள். நீங்கள் கேட்டது வேறு. "ஏனுங்க டீச்சர், நானில்லாத காலத்துல அவளே ரோட்டத் தாண்டிப் போயி பாலு வாங்கோணும், ஒரு டம்ளரு டீ வெச்சுக் குடிக்கோணும். அத்தன போதுமுங்க." கொள்ளேகாலத்துக் கொங்குப் பேச்சை மைசூரில் இருபது வருடம் இருந்தும் நீங்கள் விடவில்லை. எனக்கோ அது சின்ன வேலையாகத் தெரிந்தது. அவ்வளவு விவரம் எனக்கு.

மண்டி மொஹல்லாவில் உங்கள் சந்து முடிகிற இடத்தில் சாலை, அதற்கு எதிரே பால் பூத். முதலில் வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் சாலை வரைந்தோம். நில், வலது பார், இடது பார், மறுபடி வலது பார், போ. நான் செய்து காட்டுவேன், மலர் செய்வாள், சரியாகச் செய்தால் ஒரு கடலை மிட்டாய். வண்டி வேண்டுமே என்றதும் நீங்கள் எவர்சில்வர் தட்டைக் கையில் பிடித்து, ஹாரன் அடித்துக்கொண்டு ஆட்டோவாக ஓடி வந்தீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மலர் மட்டும் சிரிக்கவில்லை, தட்டு போகும்வரை பொறுப்பாக நின்றாள்.

பிறகு உண்மையான சாலை. நீங்கள் அவள் பக்கத்தில், நான் பின்னால் தாளோடு. மூன்று வாரம் தினமும் டிக் போட்டேன். எல்லாப் படியும் சரி. தனியாக அனுப்பலாம் என்று சொன்னது நான்தான்.

அன்று நீங்கள் வீட்டுக்குள் இருந்தீர்கள், நான் பூக்கடை ஓரத்தில் மறைந்து நின்றேன். மலர் சாலை ஓரத்தில் நின்றாள், பார்த்தாள், நகரவே இல்லை. சாலை காலியாக இருந்தபோதும் நின்றாள். அப்போது கூடையோடு ஒரு பெண் அவளைக் கடந்து போனாள். மலர் எந்தப் பக்கமும் பார்க்காமல் நேரே சாலையில் இறங்கிவிட்டாள். ஸ்கூட்டர் கிறீச்சிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. "நோட்கொண்டு ஹோகம்மா", பார்த்துப் போம்மா என்று அந்த ஆள் கன்னடத்தில் கத்தினார். நான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஏன் இறங்கினாள் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் நீங்கள் அவள் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினீர்கள். வளையல் கிலுங்கியது. மலர் உடனே எழுந்து பால் பையை எடுத்தாள். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வாரமும் சாலை காலியானதும் உங்கள் கை உங்களை அறியாமல் அசைந்திருக்கிறது. அவள் கற்றது சாலையை அல்ல, உங்கள் வளையல் சத்தத்தை. கூடைக்காரப் பெண்ணின் கையிலும் அதே சத்தம்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "நீங்க காகிதத்தப் பாத்தீங்க, நான் புள்ளயப் பாத்தேன். வளையல ஆரும் பாக்கலீங்க." சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றி என் கைக்குட்டையில் வைத்தீர்கள். "நீங்களே வெச்சுக்கோங்க. ஊட்டுல இருந்தா கை அதுமேலயே போகும்."

கல்யாணமானவள் வெறுங்கையோடு நிற்கலாமா என்று உங்கள் நாத்தனார் வந்து குதித்தார். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "வளையலு இல்லாட்டி உங்க தம்பிக்கு ஒண்ணும் ஆகாது. இருந்தா எம் புள்ளைக்கு ஆயிருமுங்க." இரண்டு நாள் கழித்து உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், சத்தம் போடாத ரப்பர் வளையல் ஒரு ஜோடி வாங்கி வந்தார். அந்த மனிதரை எனக்கு அன்றிலிருந்து மிகவும் பிடிக்கும்.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஓரடி தள்ளி நின்றீர்கள். கடைசியில் வாசலுக்கே போய்விட்டீர்கள். அக்கம்பக்கத்துப் பெண்களை வளையலோடு நடக்கவிட்டும் பார்த்தோம், மலர் அசையவில்லை. உங்கள் எட்டு வளையலையும் வைத்துச் சோதிக்கலாம் என்றேன். "அது மட்டும் வேண்டாமுங்க. அது எங் கையி. அவளுக்குத் தெரிஞ்சுரும்." அந்த ஒரு சோதனை பாக்கியாகவே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் என்னிடம் கேட்டது, "இன்னைக்குப் பாலு வாங்குனாளா?" வாங்கினாள் என்றேன். மறுநாள் வீட்டில் உங்களைக் கிடத்தி, கைகளில் புது வளையல் அடுக்கினார்கள். சத்தம் கேட்டு மலர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது.

இன்று மாலை அந்த முடிச்சை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். கொடுக்கலாமா கூடாதா என்று வழி முழுக்கக் குழப்பம். அண்ணன் ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "அவகிட்டயே குடுங்க டீச்சர். அவங்கம்மாவோடதுதான" என்றார். மலர் முகர்ந்து பார்த்தாள். எட்டையும் இடது கையில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் பெரிதுதான். பிறகு ஆணியிலிருந்து பால் பையை எடுத்தாள்.

அண்ணன் பின்னாலேயே எழுந்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தேன். இப்போதெல்லாம் எந்தக் குழந்தையோடு தெருவில் நின்றாலும் என் கைகள் தாமாகவே பின்னால் போய்விடுகின்றன. அண்ணனும் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் வாசலில் திருடர்களைப் போல நின்றோம்.

சாலை ஓரத்தில் மலர் முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். எட்டும் கிலுங்கின. அவள் கையைப் பார்த்தாள். பிறகு வலது பார்த்தாள். இடது பார்த்தாள். ஒரு பஸ் வந்தது, போகவிட்டாள். மறுபடி முதலிலிருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

பாலோடு வந்து டீ வைத்தாள். அவள் அடுப்பை அணைத்து சிலிண்டரையும் மூடிய பிறகுதான் என் கைகளை முன்னால் கொண்டுவந்து டம்ளரை வாங்கினேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது அக்கா. உங்கள் கை அளவுதான்.